கல்லூரி அறிவிப்பு கடைமடைக்கும் வரட்டும்!

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)



நான் எழுந்து நின்றாலே சேமிப்பு, சந்தா, கடன் தவணை என்றுதான் ஆரம்பிப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு அப்படி இல்லை. சிலர் சிரிக்கிறீர்கள், பரவாயில்லை! இன்றைக்கு நான் பேச வந்தது பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் வருகிற அறிவிப்புகளைப் பற்றி. விண்ணப்பம் எப்போது, கலந்தாய்வு எப்போது, என்ன உதவித்தொகை, என்ன பயிற்சி, என்ன விழா என்று வருஷம் முழுக்க அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது. "அதெல்லாம் படிச்சவங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று யாராவது நினைத்தால் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

அணை திறந்தால் போதுமா?

நம் ஊர்த் தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28-க்குத் தள்ளிப் போனது. திறந்த தண்ணீர் சில நாளில் கல்லணைக்கு வரும். அங்கே நெல்லும் பூவும் தூவி, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்து விடுவார்கள். டிவியிலும் காட்டுவார்கள். ஆனால் டிவியில் காட்டிய அன்றைக்கே பேராவூரணிக்கும் சேதுபாவாசத்திரத்துக்கும் தண்ணீர் வந்துவிடுமா? வராது. எத்தனை மதகு, எத்தனை பிரிவு வாய்க்கால், எத்தனை ஊர் தாண்டி வரவேண்டும்! வாய்க்கால் தூர் வாரியிருந்தால் வரும். ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தால் வராது. அணை திறந்தது உண்மை. நம்ம வயலுக்கு வரலைங்கறதும் உண்மை.

கல்லூரி அறிவிப்பும் அப்படித்தான். பல்கலைக்கழகம் அறிவிப்பை வெளியிட்டு விடுகிறது. பேப்பரில் வருகிறது, கம்ப்யூட்டரில் வருகிறது, பலகையில் ஒட்டுகிறார்கள். அதுவரை அவர்கள் வேலை சரி. ஆனால் அந்தப் பலகையிலிருந்து நம் குடிசை வாசல் வரைக்கும் ஒரு வாய்க்கால் வேண்டும். அது நம்மிடம் இல்லை. அதனால் நஷ்டப்படுவது நம் பிள்ளைகள்தான்.

ஒரு பிள்ளைக்கு நடந்தது

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். நம் குழுக்களில் ஒன்றில் உள்ள ஒரு அம்மா. பேர் வேண்டாம். நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று கூலி வேலைக்குப் போகிறவர். அவர் மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க். பி.எஸ்சி. வேதியியல் படிக்க ஆசை. பக்கத்து டவுனில் கம்ப்யூட்டர் சென்டரில் போய் அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டார்கள். போன் நம்பர் கேட்ட இடத்தில், "அம்மாகிட்ட பட்டன் போன்தான், அதுலயும் பைசா இல்ல" என்று பிள்ளை தயங்கியிருக்கிறது. சென்டர்காரர் தன் நம்பரையே போட்டுவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, உதவி என்று நினைத்துத்தான் செய்தார்.

ஜூன் மாதம் தரவரிசைப் பட்டியல் வந்தது. கலந்தாய்வுக்கு அழைப்பும் வந்தது. எல்லாம் அந்த சென்டர் நம்பருக்கு. அந்த மாதம் அவர் போனில் எத்தனையோ பிள்ளைகளுக்கான குறுஞ்செய்திகள். அம்மா குறுவை நடவுக்கு விடியுமுன் போய்ப் பொழுது சாயத்தான் வருவார். ஒரு வாரம் கழித்து, கூடப் படித்த பிள்ளை வந்து, "நான் சேர்ந்துட்டேன்டி, நீ ஏன் வரல?" என்று கேட்டபோதுதான் விஷயமே தெரிந்தது.

அடித்துப் பிடித்துக்கொண்டு கல்லூரிக்கு ஓடினார்கள். "மெசேஜ் அனுப்பியாச்சும்மா, பலகையிலயும் ஒட்டியாச்சு" என்று பதில் வந்தது. அந்தப் பாடத்தில் இடம் முடிந்துவிட்டது. இடம் மீதியிருந்தால் அடுத்தடுத்த சுற்றுக் கலந்தாய்வு நடக்கும், வேறு பாடம் கேட்கலாம், வேறு கல்லூரியில் கேட்கலாம் என்பது அம்மாவுக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. ஆடி மாதம் அந்தப் பிள்ளை திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டது.

இதைக் கேட்டதும் நான் அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். அவர் என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். "மேடம், அந்த மாசக் கூட்டத்துல நீங்கதானே பேசுனீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

ஆமாம், பேசியது நான்தான். அந்த ஜூன் மாதக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினேன். முழுக்கக் கடன் தவணை பற்றி. பிளஸ் டூ முடித்த பிள்ளை எத்தனை பேர் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அடுத்த வருஷம் நானே கூட்டிப் போய்ச் சேர்க்கிறேன் என்று அந்தப் பிள்ளையிடம் போனில் சொன்னேன். "வேணாங்க்கா, அம்மா குழுவுல வாங்குன கடனை அடைச்சிடுறேன்" என்றது. எந்தத் தவணையைப் பற்றி நான் ஒரு மணி நேரம் பேசினேனோ, அதே கடன். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இன்றைக்கு இந்தப் பேச்சு.

நம்மைச் சுற்றி என்ன இருக்கிறது?

நம் பக்கத்தில் படிப்புக்குப் பஞ்சம் இல்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1981 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. தமிழுக்கென்றே அரசு ஏற்படுத்திய பல்கலைக்கழகம். ஓலைச்சுவடிக்கு என்றே அங்கே தனித் துறை உண்டு. பெண்களுக்கென்று குந்தவை நாச்சியார் அரசு மகளிர் கலைக் கல்லூரி 1966-லிருந்து நடக்கிறது. கும்பகோணம் அரசு கலைக் கல்லூரி 1854-ல் தொடங்கியது. கணித மேதை இராமானுஜன் படித்த கல்லூரி அதுதான்.

திருவாரூர் பக்கம் நீலக்குடியில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் 2009-ல் வந்தது. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஈச்சங்கோட்டையில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. அதற்கு இப்போது டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதன் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊருக்கு வந்து தங்கி, விதை நேர்த்தி செய்து காட்டி, "என்ன ரகம் போட்டிருக்கீங்கம்மா?" என்று நோட்டில் எழுதிக்கொண்டு போகிற வேளாண் கல்லூரிப் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். கடைசி வருஷத்தில் கிராமத்தில் தங்குவதும் அவர்களுக்குப் பாடம்தான். நம்மிடம் கேட்டு எழுதுகிற அந்த இடத்தில் நாளைக்கு நம் பிள்ளை ஏன் நிற்கக் கூடாது?

தஞ்சாவூர் புதுக்கோட்டை சாலையில் நிப்டெம் என்று ஒரு பெரிய நிறுவனம் இருக்கிறது. உணவு பதப்படுத்தும் படிப்பும் ஆராய்ச்சியும் நடக்கிற இடம். அதன் தொடக்கம் எது தெரியுமா? அறுவடை நேரத்து மழையில் நனைந்த நம் ஈர நெல்லை எப்படிக் காப்பாற்றுவது என்று 1967-ல் திருவாரூர் அரிசி ஆலையில் தொடங்கிய சின்ன ஆய்வுக்கூடம்தான். நம்ம நெல்லால் பிறந்த நிறுவனம். 2021-லிருந்து தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாகிவிட்டது. ஆனால் அதற்குள்ளே நம் குழுவிலிருந்து எத்தனை பிள்ளை போயிருக்கிறது?

நம் பயிர்க் கணக்கில் கல்லூரிக் காலண்டர்

"ரிசல்ட் வரட்டும், பார்த்துக்கலாம்" என்பதுதான் நம் வீடுகளில் வழக்கம். அங்கேதான் தவறுகிறோம். சில விண்ணப்பங்கள் பரீட்சை எழுதுவதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகின்றன. தேதி ஒவ்வொரு வருஷமும் மாறும், ஆனால் காலம் பெரும்பாலும் மாறாது. நமக்குப் புரிகிற மாதிரி பயிர்க் கணக்கில் சொல்கிறேன்.

தாளடி நடவு சமயம், அதாவது ஐப்பசி, கார்த்திகை: ஜேஇஇ என்ற நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் வரும். நிப்டெம்மில் பி.டெக். சேரவும், திருச்சி என்ஐடி போன்ற இடங்களில் சேரவும் இந்தத் தேர்வு வேண்டும். ஜனவரியில் ஒரு முறை, ஏப்ரலில் ஒரு முறை நடக்கும்.

சம்பா அறுவடை முடிந்து உளுந்து, பயறு நிற்கிற சமயம், அதாவது மாசி, பங்குனி: கியூட் என்ற நுழைவுத் தேர்வுக்கு 2024-லும் 2025-லும் இந்தச் சமயத்தில்தான் விண்ணப்பம் வந்தது. 2022-லிருந்து திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ முடித்துச் சேர இதுதான் முக்கிய வழி. மருத்துவத்துக்கான நீட் விண்ணப்பமும் ஏறக்குறைய இதே சமயம்தான். பிள்ளை பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும். நாம்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

வயல் காய்ந்து கிடக்கிற மே மாதம்: பிளஸ் டூ ரிசல்ட். அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்குக் கம்ப்யூட்டர் வழி விண்ணப்பம். ஒரே விண்ணப்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளைக் குறிப்பிடலாம். 2024-ல் இதற்குக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 2 ரூபாய் மட்டும். வெளியே ஐந்நூறு, ஆயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள். அரசுக் கல்லூரிகளிலேயே சேர்க்கை உதவி மையம் இருக்கும், அங்கேயே போய்ப் போடலாம். வேளாண்மைப் படிப்புக்குக் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும், கால்நடைப் படிப்புக்குச் சென்னையில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகமும் தனித்தனியாக விண்ணப்பம் வாங்கும். ஈச்சங்கோட்டையும் ஒரத்தநாடும் பக்கத்தில் இருக்கிறதே என்று நேரே அங்கே போய் நின்றால் சேர்க்க மாட்டார்கள்.

குறுவை நாற்றுப் பறித்து நடுகிற ஜூன், ஜூலை: தரவரிசைப் பட்டியல், கலந்தாய்வு, அடுத்த சுற்று. நாம் வயலில் சேற்றில் நிற்போம், போன் வீட்டில் கிடக்கும். அந்தப் பிள்ளை தவறவிட்டது இந்த மாதத்தில்தான். நடவு நாள் கூலி போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த ஒரு மாதம் யாராவது ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பணத்துக்கு என்ன வழி?

"சேர்த்துடலாம் மேடம், பீஸ் யாரு கட்டுறது?" இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். இதற்கும் அறிவிப்பு இருக்கிறது.

மயிலாடுதுறை பக்கம் மூவலூர் தெரியுமல்லவா? அந்த ஊரின் பெயரால் அறியப்பட்ட இராமாமிர்தம் அம்மையார் 1883 முதல் 1962 வரை வாழ்ந்தவர். பெண்களைப் பொட்டுக் கட்டி விடுகிற கொடுமையை எதிர்த்துப் போராடியவர். அவர் பெயரில் ரொம்ப வருஷமாகத் திருமண உதவித் திட்டம் இருந்தது. 2022-ல் அதை உயர்கல்வித் திட்டமாக மாற்றினார்கள். அதுதான் புதுமைப் பெண் திட்டம். 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. 6-ம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளை பட்டம், டிப்ளமோ, ஐடிஐ எது படித்தாலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுவது என்பது திட்டம். 2024-25-ல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். ஆண்பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9-ல் வந்தது. கல்யாணத்துக்கு என்று கொடுத்த பணம் கல்லூரிக்கு என்று மாறியிருக்கிறது. இது சின்ன விஷயம் இல்லை. கல்லூரியில் சேரும்போதே இதற்கு எப்படிப் பதிவு செய்வது என்று கேட்டுவிடுங்கள்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு 2020-ல் மருத்துவப் படிப்புக்கு வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. இதில் இடம் கிடைத்த பிள்ளைகளுக்குப் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும் என்று அறிவித்தார்கள். வேளாண்மை படிக்க வைக்கப் பணக்காரராக இருக்க வேண்டியதில்லை. விண்ணப்பத்தில் "அரசுப் பள்ளி" என்ற இடத்தைச் சரியாக நிரப்பியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டில் யாருமே பட்டம் வாங்கியதில்லை என்றால் அந்தப் பிள்ளைக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் உண்டு. தொழிற்படிப்புகளில் கட்டணச் சலுகை கிடைக்கும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் என்று உதவித்தொகைகள் தனியாக உண்டு. கல்விக் கடன் என்றால், 4 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமலே வங்கி கொடுக்கிற திட்டம் இருக்கிறது. பெற்றோரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். நம் குழுவின் வரவு செலவு ஒழுங்காக இருந்தால், வங்கி மேலாளர் முன்னால் கூச்சமில்லாமல் உட்கார்ந்து கேட்கலாம். அதற்குத்தானே இத்தனை வருஷம் தவணை தவறாமல் கட்டினோம்!

சேர்ந்த பிறகும் பலகையைப் பார்க்க வேண்டும்

பிள்ளையைச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. இதற்கு நானே சாட்சி.

என் அம்மாவும் குழு உறுப்பினர்தான். உள்கடன் வாங்கித்தான் என்னைக் கல்லூரியில் சேர்த்தார். விடுதிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, கூப்பிடுவார்கள் என்று வீட்டில் காத்திருந்தேன். பத்து நாள் கழித்துப் போய்க் கேட்டால், "பட்டியலைப் பலகையில ஒட்டினோமே, பாக்கலியா? மூணு நாளுக்குள்ள வராதவங்க இடத்தை வேற பிள்ளைக்குக் கொடுத்தாச்சு" என்றார்கள். அந்த வருஷம் முழுக்க தினம் இரண்டு பஸ் மாறிப் போனேன். மார்கழி மாதம் இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புவேன். அம்மா அரிக்கேன் விளக்கோடு ரோட்டில் வந்து நிற்பார். மழைக்காலத்தில் பஸ் வராத நாளெல்லாம் வகுப்பு போனது. வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவளுக்கு, பலகை என்று ஒன்று இருக்கிறது, அதைத் தினம் பார்க்க வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. மற்ற பிள்ளைகளுக்கு அவர்கள் அப்பாவோ அண்ணனோ சொல்லியிருந்தார்கள். என்ன வித்தியாசம் என்றால் அவ்வளவுதான்.

கல்லூரிப் பலகையில் என்னென்ன வரும்? உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாள், பரீட்சைக் கட்டணம், விடுதி, நாட்டு நலப்பணித் திட்ட முகாம், போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பு, வேலைக்கு ஆள் எடுக்கக் கம்பெனிகள் வருகிற நாள், கருத்தரங்கு, கலை விழா. இப்போது பாதி அறிவிப்பு போனுக்கே வருகிறது. அதனால் பிள்ளை காலேஜ் விட்டு வந்ததும் "சாப்பிட்டியா?" என்று கேட்கிறோமே, அதோடு சேர்த்து "பலகையைப் பாத்தியா?" என்றும் கேளுங்கள். நமக்கு அதில் உள்ளது புரிய வேண்டும் என்பதில்லை. கேட்டால் பிள்ளை பார்க்கும்.

நமக்கும் உண்டு இடம்

பல்கலைக்கழகம் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-ல் தொடங்கியது. நாம் நடுகிற ஆடுதுறை 36-ம் 43-ம் 45-ம் அங்கே பிறந்தவைதான். அது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. நீடாமங்கலத்திலும் சிக்கலிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. விதை, உரம், காளான், மதிப்புக் கூட்டுதல் என்று பயிற்சிகள் அறிவிப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் 15-ல் மகளிர் விவசாயிகள் தினம் கொண்டாடுவார்கள். நாள் பூரா வயலில் நிற்பது நாம், ஆனால் பயிற்சி என்றால் வேட்டி கட்டியவர்களை அனுப்பிவிட்டு நாம் சமைத்துக்கொண்டிருக்கிறோம். இனிமேல் அழைப்பு வந்தால் குழுவிலிருந்து இரண்டு பேராவது போக வேண்டும்.

படிப்பைப் பாதியில் விட்ட உறுப்பினர்கள் எத்தனை பேர் இங்கே? கை தூக்குங்கள், வெட்கப்பட வேண்டாம். பிளஸ் டூ முடித்து நின்றவர்கள் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேரலாம். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஜனவரி, ஜூலை என்று வருஷத்துக்கு இரண்டு முறை சேர்க்கை நடக்கும். வயது ஒரு தடை இல்லை. மகளும் அம்மாவும் ஒரே வீட்டில் உட்கார்ந்து படித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம். அன்றைக்குப் பல ஆய்வு நிறுவனங்கள், கல்லூரிகள் மாணவர்களை உள்ளே விட்டு ஆய்வுக்கூடத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். ஏழாவது, எட்டாவது படிக்கிற பிள்ளைகளை அப்படி ஒரு முறை கூட்டிப் போய்க் காட்டினால் போதும். கல்லூரி கேட்டைத் தாண்டி உள்ளே போன பிள்ளைக்குப் பயம் போய்விடும்.

இதில் ஏமாறாதீர்கள்

மூன்று எச்சரிக்கை. ஒன்று, "சீட்டு வாங்கித் தர்றேன்" என்று முன்பணம் கேட்கிற ஆளிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள். அரசுக் கல்லூரி இடம் மார்க்குக்கும் இடஒதுக்கீட்டுக்கும் உரியது. இரண்டு, ஒரிஜினல் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் அறிவித்திருக்கிறது. மூன்று, "ஒரு வருஷ நர்சிங், உடனே வேலை" என்று பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருக்கிற நோட்டீசை நம்பி கம்மலை அடகு வைக்காதீர்கள். "எந்தப் பல்கலைக்கழகம், எந்த கவுன்சில் அங்கீகாரம்? எழுத்தில் காட்டுங்க" என்று கேளுங்கள். எழுத்தில் காட்டத் தயங்குகிற இடத்தில் பிள்ளையைச் சேர்க்க வேண்டாம்.

குழு என்ன செய்யலாம்?

சகோதரிகளே, பேசிவிட்டுப் போனால் பயன் இல்லை. ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ள ஐந்து விஷயம் சொல்கிறேன்.

1. உறுப்பினர் வீடுகளில் பத்தாவது, பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள், கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் பட்டியல் எழுத வேண்டும். கடன் பட்டியல் மாதிரியே அதையும் மாதம் ஒரு முறை வாசிக்க வேண்டும்.

2. ஒவ்வொரு குழுவிலும் ஒரு அறிவிப்புப் பொறுப்பாளர் வேண்டும். ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கிற இளம் உறுப்பினரோ, கல்லூரியில் படிக்கிற ஒரு மகளோ போதும். வாரம் ஒரு முறை கல்லூரிகளின் அறிவிப்பைப் பார்த்துக் கூட்டத்தில் சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால் பள்ளி ஆசிரியரிடம் கேட்க வேண்டும்.

3. விண்ணப்பத்தில் சொந்த போன் நம்பர்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் போன் இல்லையென்றால் அறிவிப்புப் பொறுப்பாளர் நம்பரைக் கொடுங்கள். சென்டர் நம்பர் வேண்டாம். ஜூன், ஜூலையில் அந்த போனுக்கு ரீசார்ஜ் முடியக் கூடாது. பாஸ்வேர்டைப் பிள்ளையின் நோட்டில் எழுதி வையுங்கள்.

4. சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி ஆகிய சான்றிதழ்களை மார்ச், ஏப்ரலிலேயே வாங்கி வைக்க வேண்டும். ஆதாரிலும் மார்க் சீட்டிலும் பேர் ஒன்றாக இருக்கிறதா, வங்கிக் கணக்கோடு ஆதார் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு எழுத்துப் பிழையால் உதவித்தொகை நின்றுபோன பிள்ளைகள் இருக்கிறார்கள்.

5. மே, ஜூன் மாதங்களில் உள்கடனில் முதல் உரிமை கல்லூரிச் சேர்க்கைக்கு. கலந்தாய்வு நாளில் அம்மாவுக்கு நடவு இருந்தால், குழுவில் வேறொருவர் பிள்ளையோடு துணைக்குப் போக வேண்டும்.

கூட்டமைப்பின் சார்பில் நானும் ஒரு உறுதி தருகிறேன். ஒவ்வொரு மாதமும் நம் மடலில் ஒரு பக்கம் கல்லூரி அறிவிப்புக்கு. இந்த அலுவலக வாசலில் ஒரு பலகை. ஒட்டினால் போதாது, ஒட்டியதைக் கூட்டத்தில் வாசித்தும் சொல்வேன். இனி கடன் தவணை பற்றிப் பேசுவதற்கு முன்னால் பிள்ளைகள் பட்டியல்தான். மறந்தால் எழுந்து நின்று கேளுங்கள், கோபப்பட மாட்டேன்.

தண்ணீர் கடைமடைக்கு வரவேண்டும் என்றால் ஊர் கூடி வாய்க்கால் தூர் வாருகிறோம். நூறு நாள் வேலையில் நாம்தானே அந்த மண்ணை வெட்டிக் கரையில் போட்டோம்? அதே கைகள்தான் இதையும் செய்யப் போகின்றன.

அந்தப் பிள்ளை இப்போதும் திருப்பூரில்தான் இருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது பார்க்கப் போகிறேன். திறந்தநிலைப் பல்கலைக்கழக விண்ணப்பம் பற்றிய விவரத்தைக் கையோடு கொண்டு போவேன். சேருமா என்று தெரியவில்லை. ஆனால் இந்த முறை சொல்லாமல் விட மாட்டேன்.

 வீட்டுக்குப் போனதும் பிள்ளையிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.